தொலைபேசியில் இரகசியமும் இருப்பிடமும்

"பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. பேசுவோனும் கேட்போனும் அருகருகே இருந்த காலத்துக்கு இவ்வெச்சரிக்கை போதியதாயிருந்தது. சுற்றுமுற்றும் நோக்கி, வேலியோரத்தில் எவருமிலர் என்று கண்டபின் ஒருவன் தன் நெஞ்சிலுள்ளதை நண்பனிடஞ் சொல்லலாம். தொலைபேசி வந்தபின் பக்கம் பார்ப்பதாற் பயனில்லாது போயிற்று. பேசுபவன் தன் அறைக் கதவைத் தாழிட்டிருக்கலாம். ஆயினும் அவன் சொல் கம்பி வழியும் காற்று வழியும் நெடுந்தூரஞ் சென்றே மற்றவன் செவியை அடைகின்றது. இடையில் எவரேனும் கேட்கின்றனரா, மறுமுனையில் உள்ளவர் அதனைப் பதிவு செய்து வைக்கின்றனரா என்பதை அவன் அறியான்.

இஃது ஒரு குறை. இதற்கு நேர்மாறான இன்னொரு குறையும் தொலைபேசிக்கு உண்டு. வீட்டில் தீப்பற்றியவன் வெளியே வந்து "ஐயோ" என்று கூவினால், அயலார் ஓசை வந்த திசையை நோக்கி ஓடி வருவர். அவனே தொலைபேசியிற் கூவினால், கேட்பவருக்குக் குரல் தெரியுமேயன்றிக் குரல் வரும் இடந் தெரியாது. பதற்றத்தில் அவன் முகவரி கூற மறந்தாலும், கூறுமுன் மயங்கி வீழ்ந்தாலும், உதவி செய்ய விரும்புவோர் செய்வதறியாது நிற்பர்.

ஆகவே தொலைபேசி, மறைக்க வேண்டியதை மறையாமலும் காட்ட வேண்டியதைக் காட்டாமலும் இருந்த ஒரு கருவியாகும். முதற் குறையை நீக்கச் சட்டம் முயன்றது. இரண்டாவதை நீக்கப் பொறியியல் முயன்றது. இவ்விரு முயற்சிகளும் வெவ்வேறு திசையிற் செல்வனபோலத் தோன்றினும், இறுதியில் ஒரே வினாவிலேயே சந்திக்கின்றன. ஒருவனைப் பற்றித் தொலைபேசி அறிந்து வைத்திருப்பதை யார், எதன்பொருட்டு அறியலாம் என்பதே அவ்வினா. இம்முயற்சிகள் நீண்ட காலமாகவும் வெளிப்படையாகவும் நடந்துவரும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளாதலின், அந்நாட்டு வழக்குகளையும் விதிகளையுமே இங்கே பெரும்பாலும் எடுத்துக்கொள்வோம்.

கம்பியில் அகப்பட்ட குரல்

அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமைப்பத்திரம் பெற்ற ஆண்டு 1876. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 1898இல், டென்மார்க் நாட்டுத் தொலைபேசிப் பொறியியலாளரான வால்டெமார் பௌல்சன் என்பவர், ஓடும் உருக்குக் கம்பியிற் குரலைக் காந்தப் பதிவாக நிறுத்தி மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை அமைத்தார். வீட்டுக்காரர் இல்லாத வேளையில் வரும் தொலைபேசிச் செய்தியை வாங்கி வைத்தல் அவர் கருதிய பயன்களுள் ஒன்று. எனவே, குரலைக் காந்தத்தாற் பதிவு செய்யுங் கலை பிறக்கும்போதே தொலைபேசியோடு உறவுகொண்டே பிறந்தது எனலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். உரையாடலிற் பங்குகொள்ளாத மூன்றாமவன் களவாகக் கேட்பது ஒற்றுக்கேட்டல். உரையாடுவோருள் ஒருவரே, மற்றவர் அறிந்தோ அறியாமலோ அதனைப் பதிவதும் உண்டு. முன்னதைப் பெரும்பாலோர் குற்றமென்றே கொள்வர். பின்னதைக் குறித்து அறிஞரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. சட்டம் முதலில் எதிர்கொண்டது முன்னதையே.

சியாற்றில் நகரத்து வழக்கு

அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய காலத்தில், சியாற்றில் நகரப் பொலிஸ் சேவையில் முன்னர் உத்தியோகத்தராயிருந்த ஓம்ஸ்ரெட் என்பவர், கனடாவிலிருந்து மதுவைக் களவாகத் தருவித்து விற்கும் பெருவாணிகத்தை நடத்தி வந்தார். சமஷ்டி அரசின் அதிகாரிகள் அவருடைய வீட்டினுள்ளோ அலுவலகத்தினுள்ளோ நுழையவில்லை. அலுவலகக் கட்டடத்தின் நிலவறையிலும் வீடுகளுக்கு அண்மையான வீதிகளிலும் சென்ற தொலைபேசிக் கம்பிகளில் வேறு கம்பிகளை இணைத்து, மாதக்கணக்காக உரையாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டனர். அக்குறிப்புகள் தட்டச்சில் 775 பக்கங்கள் வந்தன.

இவ்வழக்கு 1928இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் ஐவருக்கு நால்வர் என்ற அளவில் அரசுக்குச் சார்பாகத் தீர்க்கப்பட்டது. அரசு அதிகாரிகள் நியாயமின்றி ஒருவனுடைய உடலையோ வீட்டையோ பத்திரங்களையோ சோதனையிடலாகாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் நான்காந் திருத்தம். இங்கே எவரும் வீட்டினுட் புகவில்லை, எப்பொருளையும் கைப்பற்றவில்லை, ஆதலின் சோதனை நிகழவில்லை என்று பிரதம நீதியரசர் ராப்ற் கூறினார். தன் குரலைக் கம்பி வழியே வெளியே அனுப்புபவன், அதனை வெளியார் கேட்கமாட்டார் என்று எதிர்பார்த்தல் தகாது என்பது அவர் கொள்கை.

மாறுபட்டுத் தீர்ப்பெழுதியோருள் நீதியரசர் பிரண்டைஸ் முதன்மையானவர். முத்திரையிட்ட கடிதத்தை அஞ்சலில் உடைத்துப் படிக்கலாகாதெனின், தொலைபேசிச் சொல்லை மட்டும் இடைமறித்துக் கேட்கலாமோ என்பது அவர் வினா. அன்றியும், கடிதத்தை உடைப்பதைக் காட்டிலும் கம்பியை ஒற்றுக்கேட்பது கொடிதென்று அவர் காட்டினார். ஒருவனுடைய கம்பியில் ஒற்றுக்கேட்பவன், அவனை அழைக்கின்ற எல்லோரையும் அவன் அழைக்கின்ற எல்லோரையும் சேர்த்தே கேட்கின்றான். குற்றமற்ற உறவினர், வைத்தியர், வணிகர் ஆகிய யாவரும் அவ்வலையில் அகப்படுவர்.

அன்று தோற்ற கருத்தே பின்னர் வென்றது. 1934ஆம் ஆண்டின் தொடர்புச் சட்டம், அனுப்பியவரின் அனுமதியின்றிச் செய்தியை இடைமறித்து வெளியிடுதலைத் தடை செய்தது. 1967இல் இன்னொரு வழக்கு உயர் நீதிமன்றத்தை அடைந்தது. கற்ஸ் என்பவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து மயாமிக்கும் பொஸ்ரனுக்கும் பந்தயச் செய்திகளைச் சொல்லி வந்தார். அதிகாரிகள் கூண்டின் வெளிப்புறத்தில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி அவர் பேச்சைப் பதிந்தனர். கூண்டோ கண்ணாடியாலானது, உள்ளே நிற்பவரை யாவரும் காணலாம். ஆயினும் அவர் விலக்க விரும்பியது காணுங் கண்ணையன்று, கேட்கும் காதையே என்றது நீதிமன்றம். அரசியலமைப்பு காப்பது இடங்களையன்று, மனிதரையே என்று கூறி, நீதிபதியின் ஆணையின்றிச் செய்த அப்பதிவை அது தள்ளியது. பேசியவர் குற்றவாளியா என்பதன்று அங்கே எழுந்த கேள்வி. கூண்டின் கதவைச் சாத்திக் காசைப் போட்டுப் பேசும் எந்த மனிதனும் தன் சொல் தன் நண்பனுக்கே உரியதென நம்ப உரிமையுடையவனா என்பதே கேள்வி. அடுத்த ஆண்டாகிய 1968இல் நிறைவேறிய சமஷ்டிச் சட்டம், நீதிபதியின் ஆணை பெறாது ஒற்றுக்கேட்டலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

ஒருவர் சம்மதமா, எல்லோர் சம்மதமா?

இனி, உரையாடுவோருள் ஒருவரே பதிவு செய்யும் நிலையை நோக்குவோம். 1968ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டத்தின்படி, பேசுவோருள் ஒருவர் சம்மதித்தாற் போதும். அவ்வொருவர் பதிவு செய்பவராகவே இருக்கலாம். குற்றமோ பிறர்க்குத் தீங்கோ செய்யும் நோக்குடன் பதிதல் மட்டும் விலக்கப்பட்டது. ஆயினும், சமஷ்டிச் சட்டத்தினும் கடுமையான விதியை மாநிலங்கள் ஏற்படுத்திக்கொள்ளலாம். கலிபோர்னியா, புளொரிடா, பென்சில்வேனியா, வாஷிங்ரன் முதலிய மாநிலங்கள், அந்தரங்க உரையாடலிற் பங்குகொள்ளும் எல்லோரும் சம்மதித்தல் வேண்டுமென விதித்துள்ளன.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருவர் சம்மதம் போதும் என்போர் கூறுவதாவது: நண்பனிடம் ஒன்றைச் சொல்பவன், அந்நண்பன் அதனை நினைவில் வைத்திருப்பான் என்பதையும் பிறரிடஞ் சொல்லக்கூடும் என்பதையும் அறிந்தே சொல்கின்றான், கருவி அந்நினைவைப் பிழையின்றிக் காக்கின்றதேயன்றி வேறொன்றுஞ் செய்வதில்லை. மேலும், தொலைபேசியில் மிரட்டப்படும் ஏழைக்குத் தன் வழக்கை நிறுவ வேறு சான்றேது? எல்லோர் சம்மதமும் வேண்டும் என்போர் மறுமொழியாவது: நினைவு வேறு, பதிவு வேறு. நினைவிலுள்ளதைப் பிறரிடஞ் சொல்பவன் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பாளியாகின்றான். கேட்பவர் நம்பவுங் கூடும், நம்பாது விடவுங் கூடும். பதிவோ பேசியவனையே அவனுக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துகின்றது. விளையாட்டாகவோ சினத்திலோ சொன்ன ஒரு சொல், முன்பின் வெட்டப்பட்டு, ஆண்டுகள் கழித்து ஊரறிய ஒலிக்கலாம். அவ்வச்சம் நிலவுமிடத்தில் மனிதர் மனந்திறந்து பேசார்.

கலிபோர்னியா மாநிலம் தன் சட்டத்தை 1967இல் இயற்றியபோது பின்னதையே ஏற்றது. எனினும், முன்னதன் நியாயத்தையும் அது முற்றாகத் தள்ளிவிடவில்லை. பணம் பறித்தல், ஆட்கடத்தல், கைக்கூலி, வன்செயல் ஆகிய குற்றங்களுக்குச் சான்று தேடிப் பதிபவருக்கு அச்சட்டமே விலக்களிக்கின்றது. கடுமையான வேலியிலும் துன்புறுவோனுக்கு ஒரு கடப்பு வைக்கப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது.

ஒரு மாநிலத்தவர் மற்றொரு மாநிலத்தவருடன் பேசும்போது எச்சட்டம் செல்லும்? பங்குத் தரகு நிறுவனமொன்று ஜோர்ஜியா மாநிலத்து அற்லாண்டா நகரிலிருந்து, கலிபோர்னியாவிலுள்ள வாடிக்கையாளருடன் நிகழ்ந்த உரையாடல்களை அவர்க்கு அறிவியாமற் பதிந்து வந்தது. ஜோர்ஜியாவில் ஒருவர் சம்மதம் போதும். 2006இற் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் தன் மாநிலச் சட்டமே இங்கு செல்லுமெனத் தீர்த்தது. ஆனால், ஜோர்ஜியச் சட்டத்தை நம்பி முன்னர்ச் செய்தவற்றுக்கு நட்டஈடு விதிக்காது, இனிமேற் செய்யலாகாது எனத் தடுப்பதற்கே அது வழி திறந்தது. இரு விதிகள் முரணுமிடத்திற் கடுமையானதைப் பின்பற்றுவதே அறிவுடைமை என்பது இதனாற் பெறப்படும்.

சம்மதத்தை எங்ஙனம் பெறுவது? 1947இல் அமெரிக்கச் சமஷ்டித் தொடர்பு ஆணைக்குழு, மாநிலங்களுக்கிடையிலான உரையாடலைப் பதிவு செய்யுங் கருவி குறித்த இடைவெளிகளில் ஒரு சிற்றொலியை எழுப்பி இருவருக்கும் அறிவித்தல் வேண்டுமென விதித்தது. இன்று வங்கிக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ பேசும்போது, உரையாடல் பதிவு செய்யப்படலாம் என்று தொடக்கத்திற் கேட்கும் அறிவிப்பு அதே பணியைச் செய்கின்றது. அதனைக் கேட்டபின்னும் தொடர்ந்து பேசுபவர் சம்மதித்தவராகவே பெரும்பாலுங் கருதப்படுவர். விரும்பாதவர் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். தெரிந்து பேசுதலும் தெரியாது பேசுதலும் ஒன்றல்ல என்பதே இவ்விதிகளின் கருத்து.

கூவியும் கேளாத குரல்

இதுவரை கூறியது மறைத்தலைப் பற்றியது. இனி, காட்டுதலைப் பற்றிக் கூறுவோம். இதன் தொடக்கம் இலண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒரு துயரமாகும். 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விம்போல் வீதியிலுள்ள ஒரு வீட்டில் தீப்பற்றி ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். எதிர்ப்புறத்தே வசித்த ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்கத் தொலைபேசியை எடுத்தபோது, அவரது அழைப்பு மற்றெல்லா அழைப்புகளுடனும் வரிசையில் நிறுத்தி வைக்கப்பட்டது. திருமண வாழ்த்துச் சொல்ல வந்த அழைப்புக்கும் தீயை அறிவிக்க வந்த அழைப்புக்கும் தொலைபேசி நிலையத்தில் வேறுபாடு தெரிந்திலது. அவர் இதனை விவரித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாக விசாரணை நடந்து, 1937 ஜூன் 30ஆம் திகதி இலண்டனில் 999 என்னும் அவசர இலக்கம் நடைமுறைக்கு வந்தது. அவ்விலக்கத்தில் அழைப்பு வந்ததும் நிலையத்திற் செவ்விளக்கு எரிந்து ஊதொலி எழும். பணியாளர் மற்ற வேலையை விட்டு அதனையே முதலில் ஏற்பர்.

வட அமெரிக்காவில் முதன்முதல் இம்முறையை மேற்கொண்டது 1959இற் கனடாவின் வினிப்பெக் நகரமாகும். ஐக்கிய நாடுகளில் 1968 ஜனவரியிற் பெருந் தொலைபேசி நிறுவனம் 911 என்னும் இலக்கத்தை அறிவித்தது. அதனை முந்திக்கொண்டு, அலபாமா மாநிலத்து ஹேலிவில் என்னுஞ் சிற்றூரில், ஒரு சிறு தொலைபேசி நிறுவனம் 1968 பெப்ரவரி 16ஆம் திகதி முதலாவது 911 அழைப்பை நடத்திக் காட்டியது. மூன்றே இலக்கமாதலாற் சிறுவரும் நினைவிற் கொள்வர்.

அழைப்பு விரைந்து ஏற்கப்பட்டது. ஆனால் அழைத்தவர் எங்குளர் என்ற வினா அப்பொழுதும் நின்றது. 1970களில் வளர்ந்த முறை அதற்கு விடையளித்தது. அதன் செயல் எளிதில் விளங்கக்கூடியது. அழைப்புடன் அழைப்பவரின் தொலைபேசி இலக்கமும் தானாகவே அவசர நிலையத்துக்குச் செல்லும். அவ்விலக்கத்தைத் திறவுகோலாகக் கொண்டு, கணினி ஒரு பதிவேட்டிலிருந்து சந்தாதாரரின் பெயரையும் முகவரியையும் எடுத்துப் பணியாளரின் திரையிற் காட்டும். எந்த வீதியின் எந்த எண்கள் எந்தப் பொலிஸ் நிலையத்துக்கும், எந்தத் தீயணைப்புப் படைக்கும், எந்த அம்புலன்ஸ் சேவைக்கும் உரியன என்பதைக் கூறும் வீதிப் பட்டியலொன்றும் உண்டு. அதனைக் கொண்டு அழைப்பை உரிய ஊரின் நிலையத்துக்கே தொலைபேசி வலை திருப்பிவிடும். பேச முடியாத நோயாளியும், தன் முகவரி தெரியாத குழந்தையும், பேச்சிழந்து கருவியைத் தவறவிட்டவரும் இம்முறையாற் கண்டுபிடிக்கப்படுவர். தன் இலக்கம் பிறருக்குத் தெரியாதிருக்கக் கட்டணஞ் செலுத்தியவராயினும், அவசர நிலையத்துக்கு அவ்விலக்கம் மறைக்கப்படுவதில்லை.

நடமாடுங் கருவியும் அடுக்குமாடியும்

கம்பியில்லாக் கையடக்கத் தொலைபேசி இவ்வொழுங்கைக் குலைத்தது. அதற்கு நிலையான முகவரி இல்லை. அதன் சந்தாதாரர் வீடு ஓரூரிலும் அவர் விபத்துக்குள்ளான வீதி மற்றோரூரிலும் இருக்கலாம். எனவே 1996இற் சமஷ்டித் தொடர்பு ஆணைக்குழு இரு படிகளை வகுத்தது. முதற்படியில், அழைப்பவரின் இலக்கமும் அழைப்பை வாங்கிய கோபுரத்தின் இடமும் அனுப்பப்படல் வேண்டும். கோபுரம் ஒன்று பல மைல் பரப்பை ஆளுமாதலின் இது போதாது. இரண்டாம் படியிற் கருவியின் அகலாங்கும் நெட்டாங்கும் அனுப்பப்படல் வேண்டும். பல கோபுரங்களுக்கு வானொலியலை சென்று சேரும் நேர வேறுபாட்டைக் கணித்தோ, கருவியிலேயே செய்மதிக் குறிகளை வாங்கியோ இவை அறியப்படும். 1999இல் திருத்தப்பட்ட விதி, செய்மதி முறையைக் கையாளுங் கருவிகள் நூறு அழைப்புகளில் அறுபத்தேழை 50 மீற்றருக்குள்ளும் தொண்ணூற்றைந்தை 150 மீற்றருக்குள்ளும் காட்டல் வேண்டுமெனக் கூறியது.

வெட்டவெளியில் இவ்வளவு போதும். அடுக்குமாடிக் கட்டடத்திலோ செய்மதிக் குறி சுவர்களால் நலியும்; இருபதாம் மாடியும் நிலமாடியும் நிலப்படத்தில் ஒரே புள்ளியாகத் தோன்றும். அதனால், 2019இல் ஆணைக்குழு உயரத்தையும் கணக்கிற் கொண்டு, நூற்றுக்கு எண்பது அழைப்புகளில் மூன்று மீற்றர் பிழைக்குள் மாடியை அறியத்தக்க அளவை விதித்தது.

கருவியின் நுட்பத்தைவிட மனிதரின் ஏற்பாடு பிழைபட்டதனால் நேர்ந்த துயரமும் உண்டு. 2013 டிசம்பரில் ரெக்சாஸ் மாநிலத்து மார்ஷல் நகரில், விடுதியறையொன்றில் ஒரு தாய் தாக்கப்பட்டாள். உடனிருந்த ஒன்பது வயது மகள், தனக்குக் கற்பித்தபடியே அறைத் தொலைபேசியில் 911ஐ நான்கு முறை சுழற்றினாள். அழைப்புச் செல்லவில்லை. விடுதியிலிருந்து வெளியே பேசுவதற்கு முன்னர் 9 என்னும் எண்ணை அழுத்த வேண்டுமென்பது அச்சிறுமிக்குத் தெரியாது. தாய் இறந்தாள். அத்தாயின் பெயரால் 2018இல் நிறைவேறிய சட்டம், விடுதிகளிலும் அலுவலகங்களிலும் புதிதாக அமைக்கப்படுந் தொலைபேசிகள் முன்னெண் எதுவுமின்றி நேரே 911ஐ அடைதல் வேண்டுமென்றும், அழைப்பு நிகழ்ந்ததைக் கட்டடத்தின் பொறுப்பாளர்க்கும் அறிவித்தல் வேண்டுமென்றும் விதித்தது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம், மாடியும் அறையெண்ணும் உட்பட உதவியாளர் நேரே சென்றடையத்தக்க இடவிவரம் அழைப்புடன் செல்ல வழிவகுத்தது.

கொடுத்த பொருளும் கொடுத்த நோக்கமும்

இங்கேதான் இரு வழிகளும் சந்திக்கின்றன. அவசர நிலையங்கள் அழைப்புகளைப் பதிந்து வைக்கின்றன. அழுகையிடையே சொன்ன வீதிப் பெயரை உடனே மீட்டுக் கேட்பதற்கும், பணியாளர் கடமையைச் செவ்வனே செய்தனரா என்று பின்னர் ஆராய்வதற்கும் அப்பதிவு வேண்டும். முன்னர்க் கூறிய வாஷிங்ரன் மாநிலம் எல்லோர் சம்மதமும் வேண்டுமெனக் கடுமையாக விதித்திருந்தும், அவசர நிலையங்களுக்கு விலக்களித்திருக்கின்றது. மூச்சுத் திணறுபவரிடம் "பதிவு செய்யலாமா?" என்று கேட்டு நிற்றல் அறமாகாது.

ஆனால், அப்பதிவை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம்? அதே மாநிலத்திலிருந்து ஒரு வழக்கு 2006இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தை அடைந்தது. தாக்கப்பட்ட பெண்ணொருத்தி 911இற் பேசிய பதிவு, அவள் மன்றுக்கு வராத நிலையிற் சான்றாக வைக்கப்பட்டது. எதிராளியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அமெரிக்காவிற் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு உண்டு. பதிவைக் குறுக்கு விசாரணை செய்தல் எங்ஙனம்? நிகழ்ந்துகொண்டிருக்கும் ஆபத்தில் உதவி வேண்டிக் கூறிய சொற்கள் சாட்சியம் அல்ல, முறையீடேயாம்; ஆதலின் அவற்றை ஏற்கலாம் என்று மன்று தீர்த்தது. ஆயின், ஆபத்து நீங்கியபின் அதே அழைப்பில் வினாவி வாங்கிய விடைகள் வேறு வகையின ஆகலாமென்றும் சுட்டியது. ஒரே அழைப்பினுள்ளும் நோக்கம் மாறினால் உரிமையும் மாறுகின்றது.

இப்பதிவுகளைப் பொதுமக்கள் கேட்கலாமா என்பதில் மாநிலங்கள் வேறுபடுகின்றன. புளொரிடாவில் அழைத்தவரை அடையாளங் காட்டும் விவரங்கள் மறைக்கப்படும். பென்சில்வேனியாவிற் பொதுநலன் மேலோங்கினாலன்றிப் பதிவு வெளியிடப்படுவதில்லை. தன் மகன் மூச்சடங்கும் வேளையில் ஒரு தாய் கதறிய கதறல், வேடிக்கை பார்ப்போர்க்குரிய பொருளன்று.

இருப்பிடத்துக்கும் இவ்விதியே. 1999ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம், கையடக்கத் தொலைபேசியின் இடவிவரத்தை அவசர சேவைகளுக்குக் கொடுக்க நிறுவனங்களுக்கு அனுமதியளித்தது. பிற நோக்கங்களுக்கு வழங்குவதாயின், வாடிக்கையாளரின் வெளிப்படையான முன்னனுமதி வேண்டுமென்றது. 2018இற் காப்பென்ரர் என்பவரின் வழக்கில், கொள்ளைக் குற்றங்களைத் துப்பறிந்த அதிகாரிகள் அவருடைய தொலைபேசி 127 நாட்கள் எந்தெந்தக் கோபுரங்களோடு தொடர்புகொண்டதென்பதை நிறுவனங்களிடமிருந்து பெற்றிருந்தனர். அதில் 12,898 இடக்குறிப்புகள் இருந்தன. அவர் எங்கே உறங்கினார், எங்கே வழிபட்டார் என்பவற்றையும் அவற்றால் உய்த்துணரலாம். இத்தகைய வரலாற்றைப் பெற நீதிபதியின் சோதனை ஆணை வேண்டுமென உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வராகத் தீர்த்தது. ஆயினும் உயிராபத்து முதலிய அவசரங்களில் ஆணைக்குக் காத்திராது இடவிவரத்தைப் பெறலாமென அத்தீர்ப்பே விலக்களித்தது.

கோபுரம் ஒன்றே, அது அறிவதும் ஒன்றே. விபத்தில் வீழ்ந்தவனைத் தேடுங்கால் அது துணைவன். நூற்றிருபத்தேழு நாள் ஒருவனைப் பின்தொடருங்கால் அது ஒற்றன். துணைவனாக அமைத்ததை ஒற்றனாக மாறவிடாது காப்பதே சட்டத்தின் வேலை. மக்கள் தம் இருப்பிடத்தையும் குரலையும் அவசர நிலையத்துக்குக் கொடுப்பது உயிர் காக்கும் பொருட்டு. அந்நோக்கத்தை மீறி அவை பயன்படுமென்ற ஐயம் ஒருமுறை பரவுமாயின், அழைக்க வேண்டியவரும் அழைக்கத் தயங்குவர். அத்தயக்கத்தின் விலை உயிராகும். ஆதலின் இரகசியத்தைக் காத்தல் அவசர சேவைக்குத் தடையன்று. அச்சேவையின் அத்திவாரமே அதுவாகும்.

நாம் கொள்ளத்தக்கன

எம் நாட்டிலும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் செய்திகளை உரிமையின்றி இடைமறித்தலைக் குற்றமாக்கியுள்ளது. ஒலிப்பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் நிபந்தனைகளை வகுத்துள்ளது. பொலிசாருக்கு 119 என்னும் அவசர இலக்கம் உண்டு. இலவச அம்புலன்ஸ் சேவையான 1990, மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் 2016இல் தொடங்கி, 2018இல் வட மாகாணத்தையும் எட்டியது.

எக்கருவி எவ்வளவு நுட்பமாயினும், இடத்தை வாயாற் கூறுதலை அது முற்றாக ஈடுசெய்யாது. வீட்டிலக்கம் இல்லாத ஒழுங்கைகள் நம் ஊர்களிற் பல. எனவே அவசரத்தில் அழைப்பவர் தம் பெயரையும் நிகழ்ந்ததையும் விரிக்குமுன், ஊர், வீதி, அண்மையிலுள்ள கோயில் அல்லது சந்தி ஆகியவற்றைச் சொல்லிவிடல் வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தாலும் உதவி புறப்பட்டுவிடும். பணியாளர் சொல்லும்வரை தொலைபேசியை வைத்தல் ஆகாது. இதனைப் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கற்பித்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை. மார்ஷல் நகரத்துச் சிறுமி கற்றதைக் கற்றபடியே செய்தாள், தவறியவர்கள் பெரியவர்களே. தாம் பணிபுரியும் கட்டடத்தின் தொலைபேசியிலிருந்து அவசர இலக்கம் நேரே செல்கின்றதா என்று ஒவ்வொருவரும் விசாரித்தறிதல் நன்று.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் உறவினருடனும் நண்பருடனும் பேசும் உரையாடல்களைப் பதிய விரும்பினால், தம் ஊரின் சட்டத்தை மட்டுமன்றி மறுமுனையில் உள்ளவரின் ஊர்ச் சட்டத்தையும் அறிதல் வேண்டும். சட்டம் இடந்தருமாயினும், "இதைப் பதிந்து கொள்கிறேன்" என்று ஒரு சொற் சொல்லிவிடுதல் நம்மோடு மனந்திறந்து பேசுபவருக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும். பக்கம் பார்க்க இயலாத இக்கருவியில், மறுமுனையில் உள்ளவரின் நேர்மையொன்றே பேசுபவனுக்குக் காவல்.